ஒரு நாள் ஜிம்முக்கு வந்த அண்ணா

என் அண்ணாவுக்கு முதல் வலி மாத்திரையைக் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது மழுப்பிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நாங்கள் இருவரும் குருக்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் ஒரு சின்ன சிவன் கோயிலில் பரம்பரையாகப் பூஜை செய்கிறோம். வளர்பிறை என் முறை, தேய்பிறை அண்ணா முறை. பௌர்ணமிக்கும் தீபத் திருவிழாவின் பத்து நாட்களுக்கும் முறையெல்லாம் கிடையாது, இரண்டு பேரும் நின்றே ஆகவேண்டும். கருவறை வாசல் என் நெஞ்சு உயரம்தான் இருக்கும். கிணற்றில் இறைத்த தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு, அந்த வாசலில் குனிந்து நுழைய வேண்டும். அபிஷேகம் முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு குடமாவது ஆகும். இருபது வருஷம் இப்படிக் குனிந்து நிமிர்ந்ததில் ஒரு நாள் நிமிர முடியாமல் போனது. குடத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். இடது காலில் பெருவிரல் வரைக்கும் சுரீரென்று ஒரு வலி ஓடியது. அன்றைக்கு வந்த வலி இன்னும் திரும்பிப் போகவில்லை.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் தட்டு பிதுங்கியிருக்கிறது என்றார். ஐந்து நாளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். “இது கொஞ்சம் மயக்கம் குடுக்கிற மாத்திரைங்க. சாப்பிட்ட பிறகுதான் போடணும். அஞ்சு நாளுக்கு மேல வேணாம். வேற யாருக்கும் குடுக்காதீங்க” என்று மூன்று விஷயம் சொன்னார். மூன்றில் ஒன்றைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

அது தீபத் திருவிழா சமயம். ஊரே நெரிசலில் இருந்தது. அண்ணாவுக்கும் என்னைப் போலவே வலி. ஆனால் அவர் வெளியே சொல்கிற ஆள் இல்லை. கிணற்றடியில் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்தேன். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிய்த்து அவர் கையில் வைத்தேன்.

“இதைப் போட்டுக்கோண்ணா. ஒரு மணி நேரத்துல வலி எங்க இருக்குன்னு நீயே தேடுவே.”

“பூஜை முடியாம வாயில ஒண்ணும் படக் கூடாதேடா.”

“தீர்த்தத்தோட முழுங்கு. தீர்த்தத்துக்கு என்ன தோஷம்?”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளங்கையில் தீர்த்தத்தை விட்டு, மாத்திரையைப் போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு முழுங்கினார். காலைப் பூஜை முடியும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிறு அது. இந்த யோசனையை வேறு தொழில் செய்கிற எவனும் சொல்லியிருக்க மாட்டான். அந்தப் பத்து நாளும் இரண்டு பேரும் இளவட்டம் மாதிரி ஓடி ஓடிச் செய்தோம். “நல்ல சாமான்டா இது” என்று பத்தாம் நாள் அண்ணா சொன்னார்.

ஐந்து நாள் என்பது எனக்கு ஐந்து மாதமானது. டாக்டரிடம் போகவில்லை. சீட்டில்லாமல் கேட்டாலும் கொடுக்கிற மருந்துக் கடையாகப் பார்த்துப் போனேன். வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ கத்துகிற மாதிரி தூரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கூடவே மற்றதெல்லாமும் தூரமாகப் போனது. மனைவி பேசுவது, மகள் பாடம் ஒப்பிப்பது, மந்திரம், எல்லாம்.

ஒரு பிரதோஷத்தன்று கோயிலில் நல்ல கூட்டம். அலங்காரம் முடித்து, நைவேத்தியம் காட்டி, மணி அடித்து, அடுக்கு தீபம் ஏற்றி, நிதானமாக தீபாராதனை காட்டினேன். கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நீட்டினேன். யாரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முன்னால் நின்ற அம்மா மெதுவாகச் சொன்னார், “சாமி, திரை இன்னும் தொறக்கவே இல்லீங்களே.”

திரும்பிப் பார்த்தேன். திரை மூடியபடியே இருந்தது. அத்தனை பேர் கைகூப்பிக் காத்திருக்க, திரைக்குள் நான் மட்டும் தனியாக தீபாராதனை காட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு கிழவர் சிரித்துவிட்டார். திரையை விலக்கி மறுபடி காட்டினேன். என் வாழ்க்கையில் அந்தக் கூச்சத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

மறுநாளே டாக்டரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. சட்டென்று நிறுத்தக் கூடாது என்று, முக்கால், அரை, கால் எனக் குறைத்துக் குறைத்து நிறுத்த வைத்தார். அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது. கால் உளையும், தூக்கம் வராது, காரணமில்லாமல் அழுகை வரும். தூரமாகக் கேட்டுக்கொண்டிருந்த வலி மறுபடி வீட்டுக்குள் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தது. “இனிமே இதோடதான் நீங்க குடும்பம் நடத்தணும். முதுகைச் சுத்தி இருக்கற தசைய பலமாக்குங்க” என்று டாக்டர் சொன்னார். வேங்கிக்காலில் ஒரு ஜிம்மைக் காட்டிவிட்டவரும் அவர்தான்.

நாற்பத்து மூன்று வயதில், குடுமியோடு ஜிம் படி ஏறினேன். இரண்டாவது மாடி. படி ஏறும்போதே பாதி உயிர் போய்விட்டது. காலைப் பூஜை முடிந்து நடை சாத்தியபின் பதினொன்றரைக்குத்தான் என்னால் போக முடியும். அந்த நேரத்தில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் சௌகரியமாகப் போயிற்று. பக்கத்துக் கலெக்டர் ஆபீஸ் ஆட்களெல்லாம் காலையிலேயே வந்து முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். வேட்டியை மடித்துப் பையில் வைத்து, ட்ராக் பேண்ட்டுக்கு மாறி, பூணூலை மாலையாகப் போட்டு பனியனுக்குள் செருகிக்கொள்வேன். கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே சகிக்காது.

அங்கே மாஸ்டர் முப்பது வயசுக்காரர். செங்கம் பக்கம் கிராமத்தில் விவசாயக் குடும்பம், கபடி ஆடி முட்டியை உடைத்துக்கொண்டவர். அதனால் வலியைப் பற்றி அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் கையில் வெறும் துடைப்பக் கட்டையைக் கொடுத்து, “இடுப்ப மடக்குங்க சாமி, முதுக மடக்காதீங்க” என்றார். மூன்று வாரம் அதே துடைப்பக் கட்டை. எனக்குப் பொறுமை கிடையாது. “தம்பி, நான் கூட்டிப் பெருக்கவா வந்தேன்?” என்று வள்ளென்று விழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “நீங்க கோயில்ல எப்படிக் குனியறீங்கன்னு செஞ்சு காட்டுங்க” என்றார். காட்டினேன். “இப்படிக் குனிஞ்சா நந்திக்கே முதுகு வலிக்கும்” என்றார்.

பெரிய குடத்தை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். கைக்கொன்றாக இரண்டு சின்ன வாளி, எடையைச் சமமாகப் பிரித்துக்கொண்டு நடக்க வேண்டும். வாசலில் முட்டியை மடக்கி இறங்கி நுழைய வேண்டும். தூக்குவதற்கு முன்னால் மூச்சை வயிற்றில் நிறுத்தி, வயிற்றைக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் மலையைப் பார்த்தபடி அரை மணி நடை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூக்கம். வலி அதிகமான நாளில் வெந்நீர்ப் பை. இவ்வளவுதான் என் வைத்தியம். பஞ்சாங்கத்தில் திதிக்குப் பக்கத்தில் பென்சிலால் அன்றைய வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு மார்க் போடுவேன். எட்டாக இருந்தது ஒரு வருஷத்தில் ஐந்தானது. அப்புறம் நாலு. நாலுக்குக் கீழே அது இறங்கவே இல்லை. துடைப்பக் கட்டை போய் இரும்பு ராடு வந்தது, ராடில் எடைப் பிளேட் ஏறியது, அறுபது கிலோவைத் தரையிலிருந்து தூக்கினேன். வலியோடுதான் தூக்கினேன்.

அண்ணா நிறுத்தவில்லை. நான் பிடித்துக் கொடுத்த கயிற்றை நான் மட்டும் விட்டுவிட்டேன். அவர் ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, அது கிடைக்காத நாட்களில் கடையில் கிடைக்கிற வேறு வலி மாத்திரைகளையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் வெறும் வயிற்றில், தீர்த்தத்தோடு. ஆள் மெலிந்தார். பேசிக்கொண்டே இருக்கும்போது கண் செருகும். தேய்பிறையிலும் பாதி நாள் நானே போய்ப் பூஜை பண்ணினேன். அவர் பையன் சென்னையில் வேலையில் இருந்தான். அவன் போனில் கேட்டால், “நல்லாத்தான் இருக்கேன்டா” என்பார் அண்ணா. அண்ணாவின் மனைவி, என் மன்னி, என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். முதல் மாத்திரை யார் கொடுத்தது என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று எனக்குப் பயம். அதனாலேயே அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

எப்படியாவது அண்ணாவை டாக்டரிடமும், பிறகு ஜிம்முக்கும் இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் அந்த இரண்டு வருஷமும் என் எண்ணம். அவரை மீட்டுவிட்டால் என் கணக்கு தீர்ந்துவிடும் என்றுகூட நினைத்தேன் போலிருக்கிறது. கெஞ்சினேன், சண்டை போட்டேன். எதற்கும் ஒரே பதில்தான், “நாளைக்கு வரேன்டா.” அது அவருக்கு வாய்ப்பாடு ஆகிவிட்டது.

ஒரு நாள் வந்தார். நான் வண்டியை அவர் வாசலில் நிறுத்தி, வழக்கமான சண்டைக்குத் தயாராக ஹாரன் அடித்தேன். பையனுடைய பழைய நீல நிற ட்ராக் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு அண்ணா வெளியே வந்தார். பேண்ட் இடுப்பில் நிற்காமல், நாடாவை இரண்டு சுற்று சுற்றிக் கட்டியிருந்தார். “என்னடா முழிக்கறே, போலாம் வா” என்று பின்னால் ஏறிக்கொண்டார். வேங்கிக்கால் போகிற வரைக்கும் என் தோளில் அவர் கை இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜிம்மில் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். நான் ராடைத் தூக்கிக் காட்டினேன். “தூக்கறே, சரி. தூக்கிட்டு அதே எடத்துல வெக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?” என்றார். மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அண்ணா கையில் அதே துடைப்பக் கட்டை. இடுப்பை மடக்கி ஐந்து தடவை குனிந்து நிமிர்ந்தார். ஐந்தாவது தடவை நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு ஆச்சரியம். “அட, வலிக்கலைடா” என்றார். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று போனார்.

வெகு நேரமாக வரவில்லை. போய்ப் பார்த்தேன். கதவு சாத்தவில்லை. குழாயடியில் நின்று, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து, மாத்திரையை முழுங்கிக்கொண்டிருந்தார். வலிக்கவில்லை என்று சொன்ன வாய் அது. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. மாஸ்டர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். “இதுக்குத்தான் வந்தியா? என்னை ஏமாத்தறதுக்கா?” அண்ணா குழாயை மூடினார். வாயைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது என் தோளில் கை வைக்கவில்லை, வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாசலில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார், “நாளைக்கும் வரேன்டா.”

“ஆமா, நீ வந்து கிழிச்சே” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

மறுநாள் நான் நிற்கவில்லை. கோயிலிலிருந்து வேங்கிக்கால் போக வேண்டுமென்றால் எங்கள் தெரு வழியாகத்தான் போகவேண்டும், அவர் வீட்டைத் தாண்டித்தான். நேரே பார்த்துக்கொண்டு தாண்டிப் போனேன். அதற்கு மறுநாளும் அப்படியே. கோபம் ஒரு வாரம் இருந்தது. கோபம் போனபின் வீம்பு இருந்தது. அப்புறம் கோயிலில் பார்த்துக்கொண்டோம், பேசினோம், பூ வந்ததா, எண்ணெய் இருக்கிறதா என்று. ஜிம் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு அமாவாசைக் காலையில் அண்ணா கிணற்றடியில் ரத்தமாக வாந்தி எடுத்துக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். குடலில் புண் வெடித்திருக்கிறது, பல வருஷத்து மாத்திரை என்றார்கள். இரண்டாம் நாள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் எடுத்தார், வாயில் குழாய் இருந்ததால் முடியவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான், போய்விட்டார்.

பையன் கையில் கொள்ளிச்சட்டி. பாடையைத் தூக்க நான்கு பேர். தலைமாட்டில் வலது பக்கம் நான். “நீ வேண்டாம், உனக்கு முதுகு” என்று சித்தப்பா பையன் தடுத்தான். நான் கேட்கவில்லை. தெரு ஓரத்தில் மாஸ்டர் வந்து நின்றிருந்தார். பழக்க தோஷம், இடுப்பை மடக்கி, மூச்சை வயிற்றில் நிறுத்தி, அறுபது கிலோவுக்குத் தயாராகிறவன் மாதிரி வயிற்றைக் கெட்டியாக்கிக்கொண்டு தூக்கினேன். என் மூலை மட்டும் சட்டென்று உயரப் போய், பாடை சாய்ந்துவிட்டது. “மெதுவாடா, மெதுவா” என்று பின்னால் கத்தினார்கள். அண்ணாவிடம் எடையே இல்லை. தெருமுனையில் சவ வண்டி நிற்கிற இடம் வரைக்கும் சுமந்தேன். முதுகில் ஒரு பொட்டு வலி இல்லை. இத்தனை வருஷத்தில் வலிக்காத நாள் அது ஒன்றுதான். வலித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பினபின், மன்னி கூடத்தில் தனியாக உட்கார்ந்து அண்ணாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இனியும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை என்று எதிரில் போய் உட்கார்ந்தேன். வருஷக்கணக்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள்.

“மன்னி, அந்த மாத்திரையை அண்ணாவுக்கு முதல்ல குடுத்தது நான்தான்.”

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. “தெரியும். அன்னிக்கே சொன்னார். தம்பி குடுத்தான், வலியே இல்லேன்னு அவ்ளோ சந்தோஷமா சொன்னார். நீங்க குடுக்காட்டா வேற யாராவது குடுத்திருப்பா. அதைப் போட்டு மனசைக் குழப்பிக்காதீங்கோ.”

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏதோ லேசானது மாதிரிகூட இருந்தது. மன்னி அடுத்த துணியை எடுத்தார். அந்த நீல ட்ராக் பேண்ட்.

“ஒரு நாள் கூட்டிண்டு போனேளே, அன்னிக்கு வந்து தானா கேட்டு ரெண்டாம் தடவை ரசம் சாதம் சாப்ட்டார். டாக்டர்கிட்டயும் போலாம்னு இருக்கேன், அவனையே கூட்டிண்டு போகச் சொல்லணும்னார்.” நாடாவை உருவி நேராக்கி, பேண்ட்டை மூன்றாக மடித்தார். “மறுநாள் இதைப் போட்டுண்டு பதினொரு மணிக்கே வாசல்ல சேர் போட்டு உக்காந்துட்டார். நீங்க பாக்காம போயிட்டேள். ஏதோ அவசரமா போறான், நாளைக்கு நிப்பான்னார்.”

எத்தனை நாள் என்று கேட்டேன்.

“ஆறு நாள்” என்றார் மன்னி. “ஏழாம் நாள் நான்தான் பேண்ட்டைத் தோய்ச்சுப் போட்டேன்.”

நான் இன்னும் ஜிம்முக்குப் போகிறேன். போகாவிட்டால் பூஜை செய்ய முடியாது, இப்போது இரண்டு பட்சமும் என் முறைதான். வலி நாலில் நிற்கிறது, சில நாள் ஆறு. மாத்திரை தொடவில்லை. பதினொன்றரைக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டும், வேறு வழி கிடையாது. அவர் வாசல் வரும்போது வண்டியை மெதுவாக்கி, இடது பக்கம் முகத்தைத் திருப்பி, சேர் இருந்திருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.